கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேயர்

1

செவ்வாய்க்கிழமை என் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் விசாவுக்குத்தான் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். பஹ்ரைனில் எங்களைப் போன்றவர்களுக்குக் கெட்ட செய்தி பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"அபு எஸ்ரா போயிட்டார், பத்மா. மகன் எஸ்ரா கடைக்குப் போன் பண்ணினான். ஹாஜி முதலாளிதான் எடுத்தார். பேசி முடிச்சப்புறமும் ரிசீவரைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னார். நான்தான் வாங்கி வச்சேன்."

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரம். அங்கே மேயராக இருந்தவர் இறந்துபோனார். நகரசபைக் கட்டடத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்களாம். சந்தைக் கடைகளை அரைநாள் மூடினார்களாம். பிரேதத்தின் பின்னால் மில் தொழிலாளிகள் குளிரில் நடந்தே போனார்களாம்.

என் மகள் சுமதி பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஹூ டைட், அம்மா? தட் மேயர் அங்கிள்?"

தமிழில் கேள் என்று சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை.

திருச்சியில் இருக்கும் நீங்கள், கல்ஃப் என்றால் டேப்ரெக்கார்டரையும் சென்ட் பாட்டிலையும் நினைப்பீர்கள். போன லீவில் தெருவில் எல்லோரும் என்னிடம் விசாரித்தது அதைத்தான். எங்களை இங்கே அழைத்து வந்து சோறு போட்ட மனிதரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவர் யூதர். யூதர் என்றால் கான்வென்ட் பள்ளியின் வேதபாட வகுப்பில் கேட்டதற்கு மேல், இங்கே வரும்வரை எனக்கே ஒன்றும் தெரியாது.

2

அவர் பெயர் நயீம். ஆனால் மனாமா கடைத்தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே மூத்த மகனின் பெயரைச் சேர்த்து, இன்னாரின் தகப்பன், இன்னாரின் தாய் என்று அழைப்பதுதான் மரியாதை. எஸ்ராவின் அப்பா அபு எஸ்ரா. அம்மா உம் எஸ்ரா.

பாக்தாத்தில் பிறந்தவர். தகப்பனார் இறந்தபின் சிறுவயதிலேயே மாமாவோடு பாஸ்ராவில் படகேறி இங்கே வந்தாராம். தோளில் துணி மூட்டை. முத்துக் குளிக்கப் போகிறவர்களின் வீடுகளில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றபடி துணி வாங்குவார்கள். நிறத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் துணியை விரலால் தடவிப் பார்ப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். மூட்டை பெட்டிக்கடையானது, பெட்டிக்கடை, பம்பாய் மல்லும் ஜப்பான் பட்டும் அடுக்கிய பெரிய கடையானது. ஒரு காலத்தில் கடைத்தெரு வியாபாரிகள் அவரை நகரசபைக்கும் அனுப்பியிருந்தார்கள். மழை பெய்தால் துணிக் கட்டுகள் மிதக்கும் சந்துக்குச் சாக்கடை போட்டுக் கொடுத்தது அவர்தான். அதனால் கிழவர்கள் சிலர் அவரை வேடிக்கையாக "ரயீஸ்", அதாவது தலைவரே, என்று கூப்பிடுவார்கள்.

அந்தக் கடைக்குக் கணக்கராகத்தான் என் கணவர் சுந்தரம் வந்தார். பம்பாயில் நேர்முகம் கண்டு எடுத்தார்கள். அபு எஸ்ராதான் எங்கள் கஃபீல். அவருடைய கையெழுத்து இருக்கும்வரை நாங்கள் இந்த மண்ணில் நிற்கலாம். அவர் எடுத்துவிட்டால் அடுத்த கப்பல்.

நான் கைக்குழந்தை சுமதியோடு வந்து இறங்கிய அன்று அவர் தாமே வந்திருந்தார். "ஆவோ, பேட்டி" என்றார். இந்தி தெரியாத நான், இறங்கின இடத்திலேயே எனக்கும் பேட்டியா என்று நடுங்கிப் போனேன். வா மகளே என்றுதான் கூப்பிட்டார் என்று இவர் காரில் விளக்கியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

3

உம் எஸ்ரா பம்பாயில் வளர்ந்தவர். பைகுலாவில் பாக்தாத் யூதர்கள் நிறையப் பேர் இருந்த தெருவில் அவர் வீடு. இந்தி அவருக்கு அரபியைப் போலவே வரும். எனக்கு இந்தி கற்றுக் கொடுத்தது அவர்தான், அதுவும் சமையல்கட்டில். அதனால் இன்றுவரை எனக்குக் காய்கறி, பாத்திரம், கோபம் மூன்றுக்கும்தான் இந்தி சரளமாக வரும்.

முதல் தடவை அவர் வீட்டில் சாப்பிட்டபோது, "அம்பா வேணுமா?" என்று கேட்டார். சாமியையா சொல்கிறார் என்று விழித்தேன். ஒரு ஜாடியைத் திறந்து காட்டினார். மஞ்சளும் வெந்தயமும் மணக்கும் மாங்காய் ஊறுகாய்.

"எங்க ஊர்லயும் இதுதாம்மா" என்றேன் தமிழிலேயே.

"உங்க ஊர்லேருந்துதானே எங்க ஊருக்கே போச்சு" என்றார் இந்தியில். நான் சொன்னது எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். "ஊறுகாயைப் பார்த்து முகம் மலர்ந்தா அதுக்கு மொழி எதுக்கு?"

சனிக்கிழமை அவர்கள் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அன்று நான் போனால் நாங்கள் இருவரும் மாடியில் உட்கார்ந்திருப்போம். இரண்டு மகன்களும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். எஸ்ரா ஒரு மில்லில் சூப்பர்வைசர். "போன் பண்ணினா 'ஹலோ மம்'ங்கிறான். அரபியில பேசுடான்னா, மறந்துபோச்சுங்கிறான். என் வயித்துல இருந்தப்போ எந்த மொழியில உதைச்சானாம்?" என்பார்.

அப்போது சுமதிக்கு மழலை மாறவில்லை. இது என் வீட்டுக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை. இப்போது ஈசா டவுன் இந்தியப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, "அம்மா, யுவர் தமிழ் இஸ் டூ ஃபாஸ்ட்" என்கிறாள்.

4

எழுபத்து மூன்று அக்டோபரில் யூதர்களின் நாட்டுக்கும் அரபு நாடுகளுக்கும் யுத்தம் மூண்டது. யாரும் கடையில் கல்லெறியவில்லை, யாரும் திட்டவில்லை. காலையில் அபு எஸ்ராவோடு டீ குடிக்க வருகிறவர்கள் மட்டும் வரவில்லை. கடைப்பையன் பழக்கதோஷத்தில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக நிரப்பி வைப்பான். அவை ஆறிக் கிடக்கும். எதிர்க்கடை ஹாஜி யூசுப் மட்டும் தினமும் தெருவைக் கடந்து வந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவார்.

"ஊரைக் கொஞ்ச நாள் விட்டுப் போனா என்ன, பாபுஜி?" என்று என் கணவர் கேட்டிருக்கிறார்.

"எந்த ஊரை?" என்றாராம் அவர். "பாக்தாத்தை விட்டாச்சு. இன்னும் எத்தனை ஊர் விடணும்?"

மறு குளிரில் உம் எஸ்ராவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார், மறுபடி போனார், திரும்பவில்லை. மகன்கள் டிக்கெட் எடுத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் காக்க வைக்கக் கூடாது.

அவர்கள் சவக்காடு சின்னது. சுற்றுச்சுவரும் ஒரு இரும்புக் கதவும் உண்டு. இறந்தவருக்காகச் சொல்லும் ஒரு பிரார்த்தனைக்கு அவர்கள் மதத்து ஆண்கள் பத்துப்பேர் நிற்க வேண்டுமாம். இங்கே மிஞ்சியிருந்ததே சில குடும்பங்கள். சிலர் வெளியூர் போயிருந்தார்கள், ஒருவர் படுக்கையில் கிடந்தார். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாமவர் வரக்கூடும் என்று அபு எஸ்ரா கதவருகே போய்ச் சாலையைப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

என் கணவர் தாங்கமுடியாமல் முன்னால் போய், "பாபுஜி, நான் நிக்கிறேன். என்ன சொல்லணுமோ சொல்லிக் கொடுங்க, சொல்றேன்" என்றார்.

அபு எஸ்ரா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்கு நீ பத்துப் பேருக்குச் சமம். ஆனா அந்தக் கணக்குல நீ வரமாட்டே."

பிரார்த்தனை இல்லாமலே மண் போட்டார்கள். உம் எஸ்ராவை எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சவக்காட்டில் நின்ற பலருக்குத் தெரியாது. ஆனால் அடக்கத்துக்குப் பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை; சுவருக்கு வெளியே தார் ரோட்டில் நின்று அழுவதைத் தவிர நான் செய்யக்கூடியது அன்று ஒன்றுமில்லை.

அதன்பிறகு அவர் கடையில் உட்காரவில்லை. ஹாஜியிடம் கடையை ஒப்படைத்தார். கூடவே எங்கள் எல்லோருடைய விசாவையும் ஹாஜியின் பெயருக்கு மாற்றினார். ஒவ்வொரு ஆபீஸாகத் தாமே ஏறி இறங்கினார். "என் ஆளுங்க ஒருத்தன்கூட என்னால நடுத்தெருவுல நிக்கக் கூடாது" என்றார். கல்லறைக்கு நல்ல கல் செதுக்க அவருடைய எழுத்து தெரிந்த ஆள் இங்கே இல்லை. சிமெண்டுப் பலகையில் தாமே கறுப்புப் பெயின்டால் எழுதிவிட்டு, வெளியூரிலிருந்து கல் கொண்டு வருகிறேன் என்று சொல்லி விமானம் ஏறினார்.

5

கிழவர் மகன் வீட்டில் அடைந்துகிடப்பார் என்று நினைத்தோம். அவர் அந்தச் சின்ன நகரத்துச் சந்தையில் மறுபடி துணிக்கடை போட்டார். அந்த மில்களில் நம் நாட்டவரும் பாகிஸ்தான்காரர்களும் நிறைய. இந்தி பேசி, சல்வார் துணி விற்கும் வெள்ளைத் தாடி மனிதரிடம் அவர்கள் துணி மட்டுமா வாங்குவார்கள்? வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகுவது, பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்பது, எல்லாம் அவர் கடைக்கு வந்தன. நகரசபை ஆபீசுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். அலைந்து அலைந்து, நீங்களே தேர்தலில் நில்லுங்கள் என்றார்கள். ஜெயித்தார். அங்கே உறுப்பினர்களில் ஒருவரை ஓராண்டுக்கு மேயராக உட்கார வைப்பது வழக்கம். அடுத்த முறை இவரை உட்கார வைத்தார்கள்.

எஸ்ரா போட்டோ அனுப்பினான். சிவப்பு அங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி. ஹாஜி அதைக் கடையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "பார், நம்ம சாக்கடை போட்ட ரயீஸ்!"

அந்தப் போட்டோ வந்த பிறகுதான் அவருடைய தவிப்பு தொடங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது, ஒருமுறை வந்து அவள் கல்லறையில் நிற்க வேண்டும் என்று ஹாஜிக்குப் போன் செய்தார். வரலாம், ஆனால் விசா வேண்டும். விசாவுக்கு இங்கே ஒரு ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆமாம், ஒரு கஃபீல். எங்கள் அத்தனை பேருக்கும் கஃபீலாக இருந்தவருக்கு இப்போது ஒரு கஃபீல் தேவைப்பட்டது.

ஹாஜி உடனே கையெழுத்துப் போட்டார். காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிற்று. பிறந்த இடம் பாக்தாத் என்றிருக்கிறதே, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எப்படி? மேயர் என்றால் அரசு விஷயமாக வருகிறாரா, சொந்த விஷயமா? அந்தச் சமயம் கடலுக்கு அக்கரையில் ஈரானில் எல்லாம் தலைகீழாகிக்கொண்டிருந்தது, எங்கும் கெடுபிடி. என் கணவர் வாரம் தவறாமல் போய் நிற்பார். "புக்ரா, புக்ரா" என்பார்கள். நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை வரவே இல்லை.

ஹாஜியின் மூத்த மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, "அந்த யூதன் விஷயமா நீ இனிமே எந்த ஆபீசுக்கும் போகாதே. கலாஸ், அதோட முடிஞ்சுது. எங்கப்பா வயசானவர். உன் விசா இந்த வருஷம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் கத்தினார். "நீயும் பலகையைக் கழுவுறேன்னு அந்தச் சவக்காட்டுக்குப் போறதை நிறுத்து! நம்மள ஏத்தி அனுப்பினா திருச்சியில போய் என்ன பண்றது? சுமதி எந்த ஸ்கூல்ல படிப்பா? அவளுக்குத் தமிழ்ல தன் பேரே எழுதத் தெரியாது."

கத்தி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

6

அபு எஸ்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தார். வழியில் இங்கே விமானம் மாற வேண்டும். நடுவில் சில மணி நேரம் இருக்கும். முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு வெளியே விடமாட்டார்களா என்ற நம்பிக்கை. அவர் வந்தது வெள்ளிக்கிழமை. ஆபீஸெல்லாம் மூடியிருக்கும்.

ஹாஜி, தன் மகனுக்குச் சொல்லாமல் வந்தார். நான் கிளம்பியபோது, இவர் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பயணிகள், இந்தப் பக்கம் நாங்கள். பேசுவதற்குக் கண்ணாடியில் சிறு துளைகள். அவரை ஒரு இளம் அதிகாரி நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்திருந்தார். பாதியாய் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பேட்டி" என்றார்.

ஹாஜி அதிகாரியிடம் கெஞ்சினார். "மகனே, இவரை எனக்கு நாற்பது வருஷமாத் தெரியும். என் தலை மேல ஆணை. கல்லறைக்குப் போய்ட்டு நானே கொண்டுவந்து விடறேன்."

"அம்மி," என்றார் அந்த அதிகாரி. பெரியப்பா என்று மரியாதையாகக் கூப்பிடும் சொல். "என் கையில இருந்தா விடமாட்டேனா? ஒரு காகிதம் கொண்டு வாங்க. வெறும் காகிதம். மாஃபி, காகிதமே இல்லைன்னா நான் என்ன செய்வேன்?"

அந்தப் பிள்ளையின் குரலும் உடைந்துதான் இருந்தது. திட்டுவதற்குக்கூட எங்களுக்கு ஆள் இல்லை.

அபு எஸ்ரா கண்ணாடியருகே வந்தார். "எங்க ஊர்ல ஜனங்க பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து என்கிட்ட நீட்டுவாங்க. இது இன்னார்தான்னு நான் கையெழுத்துப் போட்டா, ராணி அரசாங்கமே நம்பும். இங்க, நான் நான்தான்னு சொல்ல என் கையெழுத்து போதல."

பிறகு மெதுவாகக் கேட்டார். "பலகை எப்படி இருக்கு, பேட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. "போன மாசம் போய்த் தண்ணி ஊத்திக் கழுவினேன், பாபுஜி. உப்புக் காத்து. எழுத்து ரொம்ப உதிர்ந்துபோச்சு."

"எவ்வளவு மிச்சம்?"

"மேலே ரெண்டு எழுத்துதான்."

"எந்த ரெண்டு?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கோலம் போட்டுப் பழகிய கை, வடிவம் நினைவிருந்தது. முந்தின நாள் புழுதிக் காற்றில் கண்ணாடி முழுக்கத் தூசி. அதில் விரலால் அந்த இரண்டையும் வரைந்தேன். ஒன்று உள்பக்கம் சுருண்டது. மற்றொன்று வளைந்து நிற்பது. அவருக்கு அது இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து வாயசைத்துப் படித்தார்.

"இங்கே அடக்கம்," என்றார். "எங்க எல்லாக் கல்லுலயும் தலைப்புல இருக்கற எழுத்து அது. அவ்வளவுதான். யார் அடக்கம்ங்கறது போயிடுச்சு."

ஹாஜி கண்ணாடியைத் தட்டினார். "பெயரைச் சொல்லு நயீம். நான் கல்லுல வெட்டி வைக்கிறேன். அரபியில வெட்டறேன். சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவர் பெயர் எனக்கும் தெரியாது. எஸ்ராவின் தாய் என்பதோடு நின்றிருந்தேன்.

"ஹபீபா" என்றார் அவர். மனைவியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஹபீபா. அவ்வளவு போதும்."

பம்பாய் விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவர் பையைத் தாமே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அபு எஸ்ரா திரும்பிப் பார்க்கவில்லை. என் கணவர் கண்ணாடியில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றார்.

7

ஹாஜி கல்லுக்குச் சொன்னார். கல் தச்சன் கடைக்குப் போய் மகன் வேண்டாம் என்றுவிட்டார். ஹாஜிக்கு இப்போது வீட்டைவிட்டு வெளியே வரத் துணை வேண்டும். அந்தத் துணை அந்த மகன்தான்.

அபு எஸ்ராவை அந்த நகரத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பிரார்த்தனைக்கு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்களாம். எஸ்ரா போனில், "அம்மாகிட்ட யாராவது சொல்லிடுங்க" என்று மட்டும் கேட்டானாம். அதை ஆங்கிலத்தில்தான் கேட்டானாம்.

நேற்றுக் காலை நான் கடையில் ஒரு டப்பா கறுப்புப் பெயின்டும் பிரஷும் வாங்கினேன். இவர் காரைச் சவக்காட்டுக்கு ஓட்டினார். எப்போதும் காரிலேயே உட்கார்ந்திருப்பவர், நேற்று இறங்கி உள்ளே வந்தார். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு எழுத்தும் இப்போது இல்லை. பலகை வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து, அவர் போய்விட்டார் என்று அந்த அம்மாவிடம் இந்தியில் சொன்னேன். காய்கறி இந்தியில் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறினேன்.

அவர்கள் எழுத்து எனக்குத் தெரியாது. அரபி எழுத்தில் தப்பில்லாமல் எழுத வராது. இங்கிலீஷில் எழுத மனம் வரவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, கை நடுங்காமல் எனக்கு எழுத வரும் ஒரே எழுத்தில் எழுதினேன். ஹபீபா.

இவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இதை யார் படிப்பா, பத்மா?"

"நான் படிப்பேன்."

"ஹாஜி மகன் இன்னும் விசாவுல கையெழுத்துப் போடல. நாம போயிட்டோம்னா?"

காற்று கடல் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. பெயின்ட் காயும் முன் மணல் ஒட்டாமல் இருக்க, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.